பூக்காரி பாடினால் கொப்பியா?

கிளாசில் இருந்ததை முகத்தில் வீசி ஊற்றிவிட்டு அவள் சொல்லுவாள்: நீ ஒண்டுமில்லை, இரண்டாந்தரம், தெண்டிச்சுத் தெண்டிச்சுக் கொப்பியடிக்கிறவள். படம் தகாலோக் மொழியில் நடக்கிறது. ஆனால் அந்த வசனத்தை அவள் ஆங்கிலத்தில்தான் சொல்லுகிறாள். சொல்லுபவள் நட்சத்திரப் பாடகி லவீனியா. நனைந்துபோய் நிற்பவள் தொரீனா, நேற்றுவரைக்கும் பூமாலை விற்றவள், லவீனியாவின் தீவிர ரசிகை.

பிலிப்பைன்ஸ் சினிமாவில் ஆகக் கூடுதலாகத் திருப்பிச் சொல்லப்பட்ட வசனங்களில் இது ஒன்று. நகைச்சுவை மேடைகளில், ரீவி நிகழ்ச்சிகளில், பெண் வேடமிட்டு ஆடுகிறவர்களின் அரங்குகளில், படத்தையே பார்க்காத பிள்ளைகளின் வாயில்கூட அது வரும். கொப்பியடிக்கிறாய் என்று திட்டுகிற ஒரு வசனத்தை ஒரு நாடே கொப்பியடித்துக்கொண்டிருக்கிறது. எங்களை இந்தப் படத்துக்குள் இழுத்தது அந்த முரண்தான். உள்ளே போனால், அது ஒரு படத்தின் கதையோடு நிற்கவில்லை.

படத்தின் பெயர் 'பித்துயிங் வலாங் நிங்நிங்'. ஒளி இல்லாத விண்மீன் என்று சொல்லலாம். 1985 பெப்ரவரியில் வந்தது. இயக்கியவர் எம்மானுவேல் போர்லாசா. தொரீனாவாக ஷரோன் குனேத்தா, லவீனியாவாக செரி ஹில், நடுவில் நிற்கிற ஆணாக, நிக்கோ என்ற பாத்திரத்தில், கிறிஸ்தோபர் டி லியோன். கதை நெரிஸ்ஸா கப்ரால் எழுதிய சித்திரக்கதைத் தொடர். அவர்கள் அதைக் கொமிக்ஸ் என்கிறார்கள். தமிழ்நாட்டில் காமிக்ஸ், எங்களுக்கும் அவர்களுக்கும் கொமிக்ஸ். இதில மட்டும் நாங்கள் மணிலாப் பக்கம்.

கதையைச் சுருக்கமாகச் சொன்னால், தொரீனா விற்கிற பூ சம்பகீத்தா. பேர் புதுசா இருந்தாலும் பூ புதுசில்லை, எங்கட மல்லிகைதான். அந்தப் பெயரும் சமஸ்கிருத 'சம்பக'விலிருந்து மலாய் வழியாகப் போய், ஸ்பானியர் கையில் வால் முளைத்தது என்பார்கள். நாங்கள் செண்பகம் என்று வேறொரு பூவைச் சொல்ல, அவர்கள் அதே பெயரை மல்லிகைக்கு வைத்துவிட்டார்கள். 1934 முதல் அது அவர்களின் தேசியப் பூ. அதே பூவை மாலையாகக் கட்டிக்கொண்டு கோயில் வாசலிலும் சிக்னல் சந்தியிலும் ஓடித்திரிந்து விற்பது ஏழைப் பிள்ளைகள். தேசியப் பூவின் நிலைமை அப்படி.

லவீனியாவின் காதலனாக இருந்த நிக்கோ, அவள் தன்னைவிடப் புகழைப் பெரிசாக நினைக்கிறாள் என்ற ஆத்திரத்தில், அவளை இறக்குவதற்கு இன்னொரு பாடகியை ஏற்றப் பார்க்கிறான். அகப்பட்டது தொரீனா. அவளுக்குக் குரல் இருக்கு. பாடத் தெரிந்ததே லவீனியாவைக் கேட்டுக் கேட்டுத்தான். ரசிகை போட்டியாளராகிறாள், ஏறுகிறாள், முந்துகிறாள், நிக்கோவைக் காதலிக்கிறாள். முடிவில் புகழையே விட்டுவிட்டுக் காதலைத் தெரிகிறாள். வில்லி குரூஸ் இசையமைத்த தலைப்புப் பாடல் அந்த முடிவைத்தான் பாடுகிறது.

இப்ப அந்த ஆங்கிலத்துக்குத் திரும்பி வருவம். பூக்காரியைத் திட்ட ஏன் ஆங்கிலம்? எங்கட கம்பஸில் சிங்களப் பெடியள் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று பேர் வைத்திருக்கினம். வாள் என்று அர்த்தம். அந்தச் சொல் தெரிந்த யாருக்கும் லவீனியாவின் வசனத்தை மொழிபெயர்க்கத் தேவையில்லை. பிலிப்பைன்ஸில் 1898 தொடக்கம் 1946 வரை அமெரிக்கர் இருந்தார்கள். அவர்கள் போனபிறகும் பள்ளிக்கூடம், நீதிமன்றம், நல்ல வேலை எல்லாம் ஆங்கிலத்தில் ஓடியது. 'தெண்டிக்கிறது' என்று நாங்கள் எழுதினோமே, அதற்கு அவள் சொல்லுகிற ஆங்கிலச் சொல் அங்கே தனி அர்த்தம் எடுத்திருக்கிறது. தனக்குப் பொருந்தாத உயரத்துக்கு எட்டிப் பார்க்கிற ஆள் என்ற இளக்காரம். முயற்சி செய்தாய் என்பதே குற்றம். பிறக்கும்போதே அந்த இடத்தில் இருந்தவள் முயற்சி செய்யத் தேவையில்லை அல்லவா.

இந்த இளக்காரத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. அது கொமிக்ஸ் வழியாகத்தான் போகிறது.

1929 ஜனவரியில் 'லிவய்வய்' வார இதழில் ஒரு கோமாளி அறிமுகமானான். பெயர் கென்கோய். வரைந்தவர் டோனி வெலாஸ்கெஸ், எழுதியவர் றொமுவால்டோ றாமோஸ். எண்ணெய் வழிய வாரிய தலை, தொளதொள காற்சட்டை, உடைந்த ஆங்கிலம். அமெரிக்கக்காரன் மாதிரி நடக்கத் தெண்டிக்கிற பிலிப்பினோ. அதாவது அங்கே சித்திரக்கதை தொடங்குவதே கொப்பியடிக்கிற ஒருவனைப் பற்றிய பகிடியில்தான். சனம் அவனைப் பார்த்துச் சிரித்தது, அவனில் தன்னையும் பார்த்தது.

யுத்தம் முடிந்து 1946 இல் 'ஹலக்ஹக்' என்ற கொமிக்ஸ் இதழ் வந்து, பத்து இதழோடு படுத்தது. அடுத்த வருடம் றமோன் றோசெஸின் ஏஸ் பதிப்பகம் 'பிலிப்பினோ கொமிக்ஸ்' தொடங்கியது. அதற்குப் பிறகு 'தகாலோக் கிளாசிக்ஸ்', 'ஹிவாகா' என்று வரிசையாக வந்தன. மட்டமான பத்திரிகைத்தாள், ஒரே இதழில் பல தொடர்கள், ஒவ்வொன்றும் சில பக்கங்கள், கடைசிச் சட்டத்தில் ஒரு திடுக்கிடல், தொடரும். வாங்கக் காசில்லாத ஆட்களுக்கு வாடகை இருந்தது. சந்திக் கடையில் கயிறு கட்டி, புத்தகங்களைக் கொழுவி விட்டிருப்பார்கள். சில்லறை கொடுத்து எடுத்து, கடை வாங்கிலில் இருந்து வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஒரு பிரதியை எத்தனை பேர் வாசித்தார்கள் என்று எந்த விற்பனைக் கணக்கும் சொல்லாது.

சினிமாக்காரருக்கு இது பெரிய வசதி. ஒரு கதை ஓடுமா ஓடாதா என்று வாரக்கணக்கில் சனமே பரிசோதித்துச் சொல்லிவிடும். எழுத்தாளருக்குக் கடிதம் குவிந்தால் தயாரிப்பாளர் வந்து நிற்பார். தொடர் முடியமுதலே உரிமை கைமாறிவிடும். மார்ஸ் றவேலோவின் 'தார்னா' 1950 இல் தொடராகத் தொடங்கியது, 1951 இல் படம் வந்துவிட்டது. அதே 1951 இல், பாப்லோ கோமெஸின் கொமிக்ஸ் கதையிலிருந்து எடுத்த 'றொபேர்தா' என்ற படம், தீயில் எரிந்து நட்டப்பட்டுக் கிடந்த சம்பகீத்தா ஸ்ரூடியோவைத் தூக்கி நிமிர்த்தியது. (ஆம், ஸ்ரூடியோவின் பெயரும் அதே பூ.) றவேலோவின் தார்னாவைப் பார்த்து சுப்பர்மானின் கொப்பி என்று சொன்னவர்களும் உண்டு. சுப்பர்மானிடமிருந்து யோசனை வந்தது உண்மைதான். ஆனால் தன் பிள்ளைகளுக்காகப் பாடுபட்ட தாயை மனதில் வைத்துத்தான் அவளை உருவாக்கினேன் என்பது றவேலோ சொன்ன கதை. ஏழைக் கிராமத்துப் பெட்டை ஒருத்தி ஒரு கல்லை விழுங்கிப் பறக்கிறாள். அதை எந்தக் கணக்கில் கொப்பி என்பது?

படித்தவர்கள் இந்தப் படங்களையும் இவற்றைப் பார்த்த சனத்தையும் சேர்த்துக் குறிக்க ஒரு சொல் வைத்திருந்தார்கள். பக்யா. பக்யா என்றால் மரத்தால் செய்த செருப்பு, ஏழைகள் போடுவது. செருப்பு, போட்ட காலின் பெயரானது, பிறகு ரசனையின் பெயரானது. பக்யாக் கூட்டம், பக்யாப் படம். இயக்குநர் லம்பேர்த்தோ அவெல்லானாதான் இந்தப் பிரயோகத்தைத் தொடங்கியவர் என்பார்கள். 1970 இல் ஹோசே லகாபா என்ற கவிஞர்-பத்திரிகையாளர் இந்தச் சொல்லைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கேலி செய்யப்பட்ட ரசனைக்கு ஒருவகை வக்காலத்து. அவர் பிறகு லீனோ புறொக்காவின் படங்களுக்குத் திரைக்கதை எழுதினார்.

புறொக்காவை எங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். கான் வரை போனவர், மார்க்கோஸ் ஆட்சியோடு முட்டியவர். கலைப்படம் ஒரு பக்கம், அழுகைப்படம் மறுபக்கம் என்று கோடு கீறுபவர்கள் அவரைக் கோட்டின் நல்ல பக்கத்தில் வைப்பார்கள். ஆனால் அவர் தொடக்க காலத்தில் எடுத்த 'துபொக் சா கிந்தோ'வும் 'ஸ்டார்டூம்'உம் மார்ஸ் றவேலோவின் கொமிக்ஸ்கள். 1989 இல்கூட, உலகப்புகழ் வந்தபிறகு, கில்டா ஒல்விடாடோவின் கொமிக்ஸ் ஒன்றை ஷரோன் குனேத்தாவை வைத்தே எடுத்தார். மறுபக்கம், 'பித்துயிங்'குக்குத் திரைக்கதை எழுதிய ஒர்லாண்டோ நாட்ரெஸ் மேடை நாடகத்தில் பெயர் எடுத்தவர். கோடு கீறினது விமர்சகர்கள்தான். வேலை செய்த ஆட்கள் இரண்டு பக்கமும் போய் வந்தார்கள்.

காலத்தையும் கவனிக்க வேணும். 1983 ஓகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கீனோ மணிலா விமான நிலையத்தில் சுடப்பட்டார். அதற்குப் பிறகு கடன் நெருக்கடி, 1984 இல் விலைவாசி ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. பொருளாதாரம் இரண்டு வருடம் தொடர்ந்து சுருங்கியது. 1985 ஜனவரி கடைசியில் ஜீப்னி சாரதிகளின் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காகப் புறொக்காவைப் பிடித்து இரண்டு கிழமைக்கு மேல் உள்ளே வைத்தார்கள். அந்த நாட்களை ஒட்டித்தான் தியேட்டர்களில் தொரீனா மாலை விற்றுக்கொண்டிருந்தாள். 2022 இற்குப் பிறகு இதை வாசிக்கிற எங்களுக்கு, சாமான் விலை இரட்டிப்பாகிற வருடத்தில் சனம் ஏன் பூக்காரி பாடகியாகிற படத்துக்கு வரிசையில் நிக்குது என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதைத் 'தப்பி ஓடுதல்' என்று ஒரு சொல்லில் முடிக்கிறதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தப்பி ஓட வேறு எவ்வளவோ கதைகள் இருந்தன. சனம் தெரிந்தது அவமானப்படுத்தப்பட்டவள் மேலே வருகிற கதையை.

அந்தக் கதைகளை எழுதியவர்கள் பெண்கள் என்பதும் தற்செயல் இல்லை. ஐம்பதுகளில் வெலாஸ்கெஸ், றவேலோ, கோமெஸ் என்று ஆண்களின் பெயர்களே முன்னுக்கு நின்றன. எண்பதுகளில் படமான காதல் தொடர்களின் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள்: நெரிஸ்ஸா கப்ரால், கில்டா ஒல்விடாடோ, எலேனா பத்ரோன். 1982 இல் ஒல்விடாடோவின் 'கானோ கடலாஸ் அங் மின்சான்' பெரிய வெற்றி. 1984 இல் கப்ராலின் 'புகாஸ் லுலுஹோட் அங் மங்கா தாலா', அதுவும் ஷரோன், அதுவும் போர்லாசா, அதுவும் ஏழைப்பெட்டை பாடகியாகிறது. 1986 இல் பத்ரோனின் 'புளூசாங் இதிம்'. கிழமைக்குக் கிழமை எழுதப்பட்ட இந்தக் கதைகளில் பெண்ணுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு அவமானம், ஒவ்வொரு வாரமும் ஒரு பதிலடி. 'மிகைநாடகம்' என்று ஒதுக்கலாம். ஆனால் வேலை செய்த வீட்டில் வார்த்தை கேட்டுவிட்டு வந்து வாங்கிலில் இருந்து வாசிக்கிற ஒருத்திக்கு, கிழமைக்கு ஒரு அவமானம் மிகை இல்லை.

ஆனால் இதை ஏழைகளின் சினிமா என்று கொண்டாடவும் எங்களுக்குக் கூச்சமாயிருக்கு. படத்தைத் தயாரித்தது வீவா. அதை 1981 இல் தொடங்கிய விக் டெல் றொசாரியோ ஏற்கெனவே விக்கோர் என்ற இசைத்தட்டுக் கொம்பனியின் ஆள். பாடகி, பாட்டு, படம் எல்லாம் ஒரே கடையில். கொமிக்ஸ் படத்தை விற்கும், படம் பாட்டை விற்கும், பாட்டு திரும்பப் படத்தை விற்கும். தொரீனாவாக நடித்த ஷரோன் குனேத்தா பசாய் நகரத்தின் நீண்டகால மேயர் பாப்லோ குனேத்தாவின் மகள். படம் வந்தபோது வயது 19. மேயரின் மகள் பூக்காரியாக நடித்து, பூக்காரிகள் அதைக் காசு கொடுத்துப் பார்த்தார்கள். எங்களில் ஒருத்தி இதைக் கேட்டவுடன், "அப்ப உண்மையில கொப்பி ஆர்?" என்றாள்.

உண்மையான தொரீனா ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். நோரா ஔனோர், பீக்கோல் பகுதியில் இரீகா ரயில் நிலையத்தில் தண்ணீர் விற்ற பிள்ளை. 1967 இல் 'தவாக் நங் தங்ஹாலான்' பாட்டுப்போட்டியில் வென்றார். கட்டையான உருவம், கறுத்த தோல். ஸ்பானியக் கலப்பு வெள்ளை முகங்களே நட்சத்திரமாகலாம் என்றிருந்த இடத்தில் அவர் வந்து நின்றதும், பக்யாக் கூட்டம் என்று சொல்லப்பட்டவர்கள் தெருவை நிறைத்தார்கள். நோராவின் வாழ்க்கை இல்லாமல் கப்ராலின் கதையைச் சனம் நம்பியிருக்குமோ தெரியாது என்பதே எங்கள் எண்ணம். 2025 ஏப்ரலில் நோரா இறந்தார்.

லவீனியா பக்கமும் ஒரு வேடிக்கை இருக்கு. செரி ஹில்லின் அப்பா எடி மேசா அறுபதுகளில் பாடகர். அவருடைய பட்டம் 'பிலிப்பைன்ஸின் எல்விஸ் பிரெஸ்லி'. அந்தக் காலத்தில் அங்கே அப்படித்தான் நட்சத்திரங்களுக்குப் பேர் வைத்தார்கள். இன்னொருவர் 'பிலிப்பைன்ஸின் பெரி கோமோ'. கொப்பியடிக்காத யாரும் மேடையில் இருக்கவில்லை. மேலே இருந்தவர் அமெரிக்காவைப் பார்த்துப் பாடினால் அது பட்டம். கீழே இருந்தவள் மேலே இருந்தவளைப் பார்த்துப் பாடினால் அது திட்டு. கோரசோன் அக்கீனோ ஆட்சிக்கு வந்த பிறகு, 1987 இல், வானொலிகள் மணித்தியாலத்துக்கு நாலு உள்நாட்டுப் பாட்டாவது போட வேணும் என்று ஒரு நிறைவேற்று ஆணை போட வேண்டியிருந்தது என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

முடிவைப் பற்றி எங்களுக்குள் பெரிய சண்டை. பார்த்து முடிந்து இரண்டு மணித்தியாலம் கதைத்தம். ஒரு பக்கம்: இவ்வளவு ஏறி வந்தவளை ஏன் இறக்குகிறார்கள்? பெட்டை வென்றது போதும், இனிக் குடும்பத்தைப் பார் என்கிற பழைய பாட்டுத்தானே. ஒரு ஆண் பாடகன் கதையாக இருந்தால் அவன் காதலுக்காக மைக்கைக் கீழே வைப்பானா? மறுபக்கம்: அவளுடைய புகழே நிக்கோவின் பழிவாங்கலுக்காகக் கட்டப்பட்டது, அதைத் தூக்கியெறிவதுதான் அவள் தானாக எடுத்த முதல் முடிவு. இரண்டாவது வாதம் நல்ல வாதம். ஆனால் அவள் எறிந்துவிட்டுப் போவது அதே நிக்கோவிடம் அல்லவா! அதால பெரும்பான்மை முதல் பக்கம். தொடர் ஓடும்வரை ஏறிக்கொண்டே இருக்கலாம். முடிக்க வேணுமென்றால் கொமிக்ஸுக்கு ஒரே ஒரு கதவுதான் தெரிந்திருந்தது. ஷரோன் குனேத்தாவோ அந்தக் கதவால் போகவில்லை. 'மெகாஸ்டார்' என்ற பட்டத்தோடு பிறகும் பல பத்தாண்டுகள் பாடினார், நடித்தார்.

படம் வந்து சரியாக ஒரு வருடத்தில், 1986 பெப்ரவரியில், எட்சா வீதியை நிறைத்த சனம் மார்க்கோஸைக் கலைத்தது. படத்துக்கும் இதுக்கும் முடிச்சுப் போட நாங்கள் வரவில்லை. ஆனால் அந்த வீதியில் மல்லிகை மாலைகளும் இருந்தன. இராணுவத்தினருக்குச் சனம் பூக் கொடுத்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

2006 இல் கதை ரீவி நாடகமானது, சாரா ஹெரோனிமோ தொரீனா. அந்த நேரத்தில் கொமிக்ஸ் தொழில் ஏறத்தாழ முடிந்துவிட்டிருந்தது. ரீவி வந்து, வாடகைக் கயிறுகள் கழன்று, பெரிய பதிப்பகங்கள் ஒவ்வொன்றாக நின்றன. வாடகைக்குப் போய்க் கை மாறிக் கிழிந்த மட்டத்தாளில் எவ்வளவு மிஞ்சும்? நாங்கள் கப்ராலின் மூலத் தொடரைத் தேடினோம். படமாக்கப்பட்டதுதான் கிடைக்கிறது. 2022 ஓகஸ்டில் செரி ஹில் இறந்தபோது, அஞ்சலி எழுதியவர்கள் ஒருவர் விடாமல் அந்தக் கிளாசையும் அந்த வசனத்தையும் நினைவுகூர்ந்தார்கள். நூற்றுக்கு அண்மித்த படங்களும் மேடை நாடகங்களும் செய்த ஒரு நடிகைக்கு அது கொஞ்சம் அநியாயம்தான்.

அடுத்த சந்திப்புக்கு 'போனா' பார்க்க இருக்கிறோம். 1980, புறொக்கா இயக்கியது, நோரா ஔனோர் நடித்தது, 2024 இல் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள். அதிலும் ஒரு ரசிகை, ஒரு நடிகன். ஆனால் அங்கே தண்ணீரை ஊற்றுவது ரசிகை. கொதிநீர்.